மதுரைக்கு எழுதிவிட்டார்கள்

உங்களில் சிலர் அமெரிக்கா போக நர்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே புத்தகம் விரிந்து கிடக்கிறதாம். சாம்பார் தெறித்த பக்கங்களில்தான் அந்தத் தேசத்து மருந்துப் பெயர்கள் மனப்பாடம் ஆகின்றனவாம். போங்கள், பிள்ளைகளா. தாராளமாகப் போங்கள். ராஜபாளையத்தில் பழகிய கை எந்த ஊர்க் கட்டில் ஓரத்திலும் தடுமாறாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கும் இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க வைத்தியத்தில் என்ன கோளாறு, அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள். விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் திரும்ப ஒரு பஸ், விருப்ப ஓய்வு வாங்கும் வரை என் உலகப் பயணம் அவ்வளவுதான். ஆனாலும் தெரியும். தேங்காய் ஏற்றிய ஒரு டெம்போவின் பின்பக்கத்தில், காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போக, உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை.

உங்களுக்கு மதுரை என்றால் ஜவுளிக்கடை, சினிமா, ரயில். எண்பதுகளில் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். "மதுரைக்கு எழுதிட்டாக" என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். இங்கே கைவிட்டாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பு என்று அதற்கு அர்த்தம். அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, நாங்கள் பிழைப்பதற்குச் சீட்டு எழுதினோம். அவர்கள் சாவதற்கு எழுதியதாகப் படித்தார்கள். சீட்டு ஒன்றுதான். மையும் ஒன்றுதான்.

நான் சேர்ந்த புதிதில் வ. புதுப்பட்டியிலிருந்து பிரசவமான ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். உதிரம் நிற்கவில்லை. மதுரைக்கு எழுதினோம், வண்டியும் பிடித்துக் கொடுத்தோம். மறுநாள் எங்கள் தலைமை மருத்துவர் மதுரைக்குப் போன் போட்டு விசாரித்தார். அப்படி ஒரு பெண் அங்கே வரவே இல்லை. வண்டி நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறது. பிறந்த மண்ணில் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

தலைமை மருத்துவர் அதிகம் பேசாதவர். அன்று யாரையும் திட்டவில்லை. போனை வைத்துவிட்டுச் சன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சீட்டு நடந்து போகாது. இனிமே நம்ம ஆளு ஒருத்தர் கூடப் போகணும். அந்தப் பக்கம் ஒரு கை வாங்குற வரைக்கும் இந்தப் பக்கத்துக் கை விடக் கூடாது."

அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். மதுரைக்கு எழுதினால் கூட ஒருவர் வண்டியில் ஏறுவோம். போகிற வழியில் கைப்பிடிப்போம், வாந்தியை ஏந்துவோம், "இன்னும் செத்த தூரந்தான்" என்று பொய் சொல்வோம். ஒப்படைத்துவிட்டு லைன் பஸ்ஸில் திரும்புவோம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. நீங்கள் படிக்கிற அந்தத் தடிப் புத்தகத்திலும் இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்க டாக்டர் வந்தார். பெயர் வேண்டாம், நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ராஜபாளையத்துக்காரர்தான். வீட்டில் தெலுங்கு, மதுரையில் மருத்துவப் படிப்பு, பிறகு கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தின் அவசரப் பிரிவில் வேலை. லீவில் வந்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. ஒரு காலையில் எங்கள் அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்றார். "கை அரிக்குது சிஸ்டர். ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்."

ஓரமாக எங்கே நின்றார்? புண்ணைக் கட்டினார், குழந்தைகள் மூக்கில் போட்டுக்கொண்ட புளியங்கொட்டையை எடுத்தார். எங்கள் பேண்டேஜ் துணியை மோந்து பார்த்தார். "சத்திரப்பட்டித் துணிதானே? எங்க ஆஸ்பத்திரிக்கும் இந்தப் பக்கத்துத் துணி வருது. பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஊர் வாசம் வருதான்னு தேடுவேன். வராது."

என்னோடு வேலை பார்த்த எமிலி சும்மா இருப்பாளா? "துணியாவது அமெரிக்கா போகுது சார். நாங்க இங்கயேதான் கெடக்கோம்" என்றாள்.

வாசலில் எமிலி வருகிறவர்களிடம் கேட்பதை அவர் நின்று கவனிப்பார். "என்னய்யா செய்யுது?" அவ்வளவுதான் அவள் கேள்வி. ஒருநாள் சொன்னார்: "அங்க இந்தக் கேள்வி மூணாவதாத்தான் வரும் சிஸ்டர்."

"மொதல் கேள்வி?"

"எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி?"

"ரெண்டாவது?"

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

இன்ஷூரன்ஸைக் கேட்கிறார், மனிதனை அல்ல என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

அந்த வாரத்தில்தான் முத்தையா வந்தான்.

வத்திராயிருப்புக்காரன். தென்னை ஏறுகிறவன். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடித் தோப்பு ஒன்றில் காய் வெட்ட வந்திருந்தான். பெண்டாட்டி செல்லத்தாயி காய் பொறுக்க, பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் வண்டியில் ஏற்ற, வேலை பாதி நடந்திருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தான். கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்து, பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறான். பாதி ஏற்றிய தேங்காயோடு டெம்போவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கி, செல்லத்தாயி தோளைப் பிடித்துக்கொண்டு, நடந்தே உள்ளே வந்தான்.

"என்னய்யா செய்யுது?" என்றேன்.

"மரந்தான் என்னய விட்டுருச்சு நர்சம்மா. நான் மரத்த விடல."

எல்லோரும் சிரித்தோம். வலது காதுக்கு மேலே ஒரு வீக்கம், கொஞ்சம் ரத்தம். தலை வலிக்கிறது என்றான். அமெரிக்க டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். சற்று விட்டு மறுபடி பிடித்தார். அவர் முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே உறைந்தது. நான் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் பாட்டிலை மாட்டி முடித்திருந்தேன்.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிகிற அந்த அடியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆள் நன்றாக இருப்பான். பேசுவான், கேலி செய்வான். பிறகு கொட்டாவி விடுவான். பிறகு தூங்குவான். அந்தத் தூக்கத்திலேயே போய்விடுவான். நேரத்துக்குள் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் மறுபடி மரம் ஏறலாம். திறக்கத் தெரிந்தவர்கள் மதுரையில்தான் இருந்தார்கள். எங்கள் தலைமை மருத்துவர் தியேட்டருக்குள் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

அமெரிக்க டாக்டர் அண்ணனைப் பார்த்துத் திரும்பி, நல்ல திருத்தமான தமிழில் சொன்னார்: "இவரை உடனே மதுரைக்குக் கொண்டு போகணும்."

மருந்துத் தட்டிலிருந்து நான் தலையைத் தூக்குவதற்குள் அந்தச் சொல் விழுந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்த ஊரை ஊராக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவர். இங்கே அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணன் மீசையும் விறைப்பும் உள்ள மனிதர், ஹவில்தார். "என்ன சார் சொல்லுதீக? நல்லாத்தான பேசுதான்?"

"பேசுறார். ஆனா நேரமில்லை."

இது அவர் செய்த இரண்டாவது தவறு. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று அங்கே பழக்குகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மதுரை, நேரமில்லை என்ற இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட அண்ணன் கணக்கைக் கூட்டிவிட்டார். செல்லத்தாயி அழவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரி தாயி" என்றார் அண்ணன். "பேச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். ஆத்தாகிட்ட ஒரு வார்த்த பேசட்டும். பிள்ளைகளக் கண்ணால பாக்கட்டும்."

தம்பியை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கிவிட்டார். "எண்ணே, எறக்கி விடுண்ணே. நான் என்ன பொண்ணு மாப்பிள்ளையா, தூக்கிட்டுப் போறதுக்கு" என்று முத்தையா சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு எமனாக இருந்தது. சிரிக்கிறவனைப் பார்த்து, இந்தச் சிரிப்பு தீர்வதற்குள் வீடு போக வேண்டும் என்று அவர்கள் ஓடினார்கள்.

இந்த இடத்தில் செத்த நேரம் நின்று யோசியுங்கள், பிள்ளைகளா. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வாசலை மறிப்பீர்களா? மறித்தால் சண்டை. பட்டாளத்துக்காரரிடம் கத்தி ஜெயிப்பதற்குள் முத்தையா கொட்டாவி விட ஆரம்பித்திருப்பான். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவீர்களா? காகிதம் சுத்தமாக இருக்கும். ஆள் போய்விடுவான்.

எனக்கு ரோடு ஞாபகம் வந்தது. நான் தினம் போய் வருகிற ரோடு. வத்திராயிருப்புக்குப் போகிறவர்களும் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போக வேண்டும். அங்கேதான் விலக்கு. இடது பக்கம் திரும்பினால் வத்திராயிருப்பு, நேராகப் போனால் மதுரை. விலக்கு வருகிற வரைக்கும் வீட்டுக்குப் போகிற பாதையும் உயிர் பிழைக்கிற பாதையும் ஒரே பாதைதான். அப்புறம் எதற்கு மறிக்க வேண்டும்? கூட ஏறினால் போதாதா?

"எமிலி, ஓரக் கட்டில்ல பாட்டில் முடியப் போகுது, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இன்னொரு தடவ பாரு, எல்லாம் உன் பொறுப்பு" என்று கத்தினேன். "போக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று பதில் வந்த பிறகுதான் ஓடினேன். பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு டெம்போவின் பின்பக்கத்தில் ஏறினேன். அண்ணன் முறைத்தார்.

"வீட்டுக்குத்தான் போறோம் நர்சம்மா."

"போங்கய்யா. ஊசி கையில இருக்குல்ல, அத எடுத்துவிட ஒரு ஆளு வேணும்ல. நானும் வாரேன்."

பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. வண்டி நகரும்போது அமெரிக்க டாக்டர் ஓடிவந்து தொற்றி ஏறினார். வருகிற வழியில் ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டரிடம், மதுரையில் மூளை அறுவை செய்கிற தன் வகுப்புத் தோழரின் பெயரைக் கத்திவிட்டு வந்திருக்கிறார். "கிடைச்சாரா?" என்று மெதுவாகக் கேட்டேன். "தெரியாது. நான் நிக்கலை" என்றார். என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, கேபினில் சாய்ந்து நின்று, உயரத் தூக்கிப் பிடித்தார். அமெரிக்கக் கடலோரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் சிலை நிற்குமே, படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை நான் ராஜபாளையம் ரோட்டில், வேட்டி சட்டையில், முடி பறக்கப் பார்த்தேன்.

சாக்கு விரித்து முத்தையாவைக் கிடத்தியிருந்தோம். இரண்டு பக்கமும் துணிச் சுருள் வைத்துத் தலை ஆடாமல் செல்லத்தாயி பிடித்திருந்தாள். டாக்டர் அண்ணனிடம் ரத்தம், அழுத்தம் என்று ஆரம்பித்தார். "சார், செத்த நேரம் நீங்க பேசாதீங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து முத்தையாவின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலை. பேச்சு என் வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. கோபுரம் தெரிந்ததும் செல்லத்தாயி தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். என் வீட்டுத் தெருமுனையைக் கடந்தோம். முத்தையா கொட்டாவி விட்டான்.

இனி விலக்கு வரைக்கும்தான் எனக்கு நேரம்.

"அண்ணாச்சி, உங்க பட்டாளத்துல ஒருத்தருக்கு அடிபட்டா என்ன செய்வீக?"

"பின்னால அனுப்பிருவோம்."

"பின்னாலன்னா?"

"பின்னால பெரிய ஆஸ்பத்திரி இருக்கும். முன்னால கூடாரத்துல கட்டுப் போட்டு, பெரிய அடின்னா பின்னால அனுப்பிருவோம்."

"பின்னால அனுப்புனா, கூட இருக்க சிப்பாய்லாம் அவன் செத்தான்னா நெனப்பாக?"

"அதெப்படி நெனப்பாக? பொழைக்க வைக்கத்தான அனுப்புதோம்! சாகப்போறவன ஏன் அம்புட்டுத் தூரம் தூக்கிக்கிட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

நான் விடவில்லை. "கூட யாராவது போவாகளா?"

"ஒரு ஆளு போவான். அந்தப் பக்கம் வாங்கிக்கிடுத வரைக்கும் வண்டியவிட்டு எறங்க மாட்டான்."

"நாங்க கூடாரம் அண்ணாச்சி. மதுரை பின்னால இருக்கது. அந்தக் கூடப் போற ஆளு நான்தான்."

அண்ணனின் மீசை மட்டும் அசைந்தது. வண்டி குலுங்கியதில் தேங்காய்கள் உருண்டு என் காலில் மோதின. அப்போது முத்தையா வாந்தி எடுத்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரு கண்ணின் பாவை விரியத் தொடங்கியிருந்தது.

"ஏலே முத்தையா! ஏலே!" என்று அண்ணன் உலுக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முத்தையா ஏதோ குழறினான். சொல்லாகவில்லை.

"பேச்சு போயிருச்சே" என்றார் அண்ணன். அதுவரை இருந்த விறைப்பெல்லாம் அந்த இரண்டு சொல்லில் கழன்றது. தூரத்தில் விலக்கு தெரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒதுங்க ஆரம்பித்தான். அண்ணன் கை கேபினைத் தட்டுவதற்குத் தூக்கிய இடத்திலேயே நின்றது. திரும்பு என்று தட்டவா, நேராகப் போ என்று தட்டவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

செல்லத்தாயி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க கடசி மட்டும் வருவீகளா?"

"வாரேன்."

"பாதில எறங்கிற மாட்டீகளே?"

"மாட்டேன் தாயி."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அத்தான், வீட்டுக்குப் போயி இவரு யார்கிட்டப் பேசப் போறாரு? நேரா விடச் சொல்லுங்க."

கேபின் அதிர்ந்தது. "நேரா போலே! நேரா!"

அதன் பிறகு நடந்தது வெறும் ரோடு. கல்லுப்பட்டி, திருமங்கலம். எப்போதும் மூடியே கிடக்கிற ரயில்வே கேட் அன்று திறந்திருந்தது. இதை மட்டும் நான் எங்கள் திறமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. மதுரை ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் ஒன்று வெளியே வந்து நின்றது. பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர். "ஏண்டா, இத்தன வருஷம் கழிச்சு வர்றவன் தேங்கா வண்டிலயா வருவே?" என்றார். எங்கள் ஆபரேட்டர் பெண், அவர் கிடைக்கும் வரை விடாமல் டயலைச் சுற்றியிருக்கிறாள். வீட்டுக்கு, கிளினிக்குக்கு, கடைசியில் தியேட்டருக்கே. அவளும் ஒரு கை. வாங்கிக்கொண்ட நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எப்போது விழுந்தான், எப்போது எழுந்தான், எந்தக் கண் முதலில் மாறியது. "என் கைக்கு வந்தாச்சு சிஸ்டர்" என்று அவள் சொன்னாள். கதவு மூடியது.

வெளியே ஒரு பெஞ்சு. அண்ணன் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்தார். செல்லத்தாயி தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பாட்டில் பிடித்து மரத்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவர் ஏன் வீட்டில் உட்கார முடியாமல் எங்கள் வாசலுக்கு வந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அங்க ஒருத்தர் சிஸ்டர். லாரி டிரைவர். தலைவலின்னு வந்தார். உயிர் போற நிலைமையில வந்தா அங்கயும் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் இருக்கு. ஆனா இவரு நடந்து வந்தார், சிரிச்சார், நம்ம முத்தையா மாதிரி. படம் எடுத்துப் பாக்கணும்னு நான் சொன்னேன். இன்ஷூரன்ஸ்ல போன்லயே அனுமதி கேக்கணும். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான். மொதல்ல அவரோட சொந்த டாக்டரைப் பாக்கட்டும், அவர் எழுதினா நரம்பு டாக்டர், அவர் எழுதினா படம்னு சொன்னா. ஒவ்வொரு கதவும் ஒழுங்காத்தான் தெறந்துச்சு. யாரும் தப்புப் பண்ணலை. அவர் ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவுல விழுந்துட்டார்."

"கூட யாரும் போகலையா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். "கூடப் போறதுக்கு அங்க பில் போட முடியாது சிஸ்டர்."

இதுதான், பிள்ளைகளா. அந்தத் தேசத்தில் எதற்கெல்லாம் பில் உண்டோ அதெல்லாம் உலகத்திலேயே சிறப்பாக நடக்கிறது. ஊசிக்கு உண்டு, படத்துக்கு உண்டு, கத்திக்கு உண்டு. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளிக்கு இல்லை. மனிதர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

உள்ளே ஒரு தலை திறந்திருந்தது. வெளியே எங்கள் கைகள் சும்மா இருந்தன. வேறென்ன செய்ய? பெஞ்சில் உட்கார்ந்து அமெரிக்காவைச் சரிசெய்தோம்.

வாசலில் முதல் கேள்வி 'என்ன செய்யுது' என்றே இருக்கட்டும் என்றேன் நான். வைத்தியத்துக்கான பணத்தை ஆள் நன்றாக இருக்கும்போதே ஊர் மொத்தமும் சேர்ந்து போட்டுவைக்கட்டும், வலியோடு வருகிறவனிடம் அந்தப் பேச்சு வேண்டாம். அதை வேலையோடு முடிச்சுப் போடக் கூடாது என்றார் அவர். அதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். எங்கள் ஊரில் மில் கதவடைத்தால் தொழிலாளியின் ஆஸ்பத்திரி அட்டை செத்துப்போகிறது, சர்க்கரை நோய் சாகிறதா? "அங்கயும் அதேதான். வேலை போனா வைத்தியம் போயிரும். நெஞ்சு வலி வேலை போன அன்னைக்குத்தான் வரும்" என்றார். போனில் வேண்டாம் என்று சொல்கிற பெண் ஒருதரம் வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் நுழைகிற ஒவ்வொருவருக்கும் இவர் என் ஆள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். எத்தனை டாக்டர் பார்த்தாலும் கடைசி வரை கூட வருகிற ஒருவர். முதலில் அந்தக் கூடப்போகிற வேலைக்குச் சம்பளம் வையுங்கள், மற்ற செலவு தானாகக் குறையும் என்றேன்.

"அம்புட்டுப் பெரிய நாடு சிஸ்டர். நீங்க சொல்றது ஒரு டெம்போவுக்குச் சரி."

"நாடு பெருசுதான் சார். தலை அங்கயும் இதே அளவுதான?"

வண்டி ஏறிய பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

எல்லாம் நம்மிடம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மூளையைப் படம் எடுக்கிற இயந்திரம் அன்று எங்கள் ஊரில் கிடையாது. இருந்திருந்தால் அந்த ரோடு முழுவதும் நான் ஒரு கண்ணின் பாவையை நம்பி வந்திருக்க வேண்டாம். அவர்களிடம் அந்த இயந்திரம் மாடிக்கு ஒன்று இருந்தது. எங்களிடம் கூடப்போகிற ஆள் இருந்தார். இரண்டும் ஒரே வாசலில் இருக்கிற ஆஸ்பத்திரியை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்ப்பீர்கள், அல்லது கட்டுவீர்கள். அமெரிக்காவில் போய் நிற்கும்போது உங்களைக் கூடப் போக விடமாட்டார்கள். பரவாயில்லை. கதவு வரைக்கும் போங்கள். அந்தப் பக்கம் வாங்குகிறவளின் பெயரைக் கேளுங்கள். அவள் வாயால் 'என் கைக்கு வந்துவிட்டது' என்று சொல்லும் வரை நகராதீர்கள். வெள்ளைக்காரச் சூப்பர்வைசர் முறைத்தால், ராஜபாளையத்தில் இப்படித்தான் என்று சொல்லுங்கள்.

மறுநாள் எங்கள் மேட்ரன் என்னிடம் கேட்டார், யாரைக் கேட்டு டியூட்டியை விட்டுப் போனாய் என்று. விடவில்லை அம்மா, எமிலியிடம் கொடுத்துவிட்டுப் போனேன் என்றேன். அந்தப் பதிலை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

அது மறுநாள் கதை. அன்று சாயங்காலம் ஆகும்போது நரைத்த தலைக்காரர் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கொஞ்சம் பிந்தியிருந்தா நான் திறந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார்.  அண்ணன் படிக்கட்டிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், விறைத்து நின்று அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

வெகுநேரம் கழித்து எங்களை உள்ளே விட்டார்கள். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. செல்லத்தாயி குனிந்து, "என்னங்க" என்றாள். கண் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இமை அசைந்தது, பிறகு உதடு.

"தண்ணி குடுட்டி."

"இப்ப குடுக்கக் கூடாதாம்" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

"யாருட்டி சொன்னா?"

பேச்சு வந்துவிட்டது. அதுவும் சண்டைப் பேச்சு. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். காலையிலிருந்து நான் உட்கார்ந்த இடங்கள், நின்ற இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உடம்பில் வலித்தன. சேலை முழுக்க வாந்தியும் ரோட்டுப் புழுதியும்.

செல்லத்தாயி அவன் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகுதான் நான் இன்னும் நிற்பதைப் பார்த்தாள்.

"நர்சம்மா, நீங்க கெளம்புங்க. கடசி பஸ் போயிரும்" என்றாள். "இனி இவரு என் கையில."